செஞ்சு குடுத்துட்டு கொஞ்சம் சும்மா இருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க இணைப்புல சின்னப் பிள்ளைங்களுக்கு வீட்டுலயே செஞ்சு குடுக்கற மாதிரி 20 விளையாட்டு போட்டிருந்தீங்க, ரெண்டு பக்கம் ஃபுல்லா கலர் போட்டோ, நல்லா இருந்துச்சு, கட் பண்ணி பிரிட்ஜ் கதவுல ஒட்டியும் வச்சிருக்கேன், அதனால இது திட்டி எழுதற லெட்டர் இல்ல. பாதி நன்றி, பாதி திட்டுன்னு வச்சுக்கங்க. நான் டீச்சர் இல்ல, டாக்டரும் இல்ல, அக்கவுண்டன்ட். வீட்டுல நாலரை வயசுல ஒரு பொண்ணு, 14 மாசத்துல ஒரு பையன். கணக்கு பாக்கறவன் புத்தி எங்க போகும், உக்காந்து எண்ணிப் பாத்தேன், 20 விளையாட்டுக்கும் கடைசி வரி 'இதன் மூலம் குழந்தை'ன்னுதான் ஆரம்பிக்குது. இதன் மூலம் குழந்தை எண்களைக் கற்கும். இதன் மூலம் குழந்தை நிறங்களை அறியும். இதன் மூலம் குழந்தையின் கவனம் கூடும். எனக்கு சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு வரியப் பத்திதான்.

உங்க லிஸ்ட்ல 3ஆவது விளையாட்டு, பாட்டில் மூடில 1லேருந்து 10 வரைக்கும் நம்பர் எழுதி, ஒரு அட்டைல 10 வட்டம் போட்டு, அந்தந்த மூடிய அந்தந்த வட்டத்துல வைக்கறது. ரெண்டு ராத்திரி உக்காந்தேன். அட்டைய வெட்டி, வட்டம் வரைஞ்சு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளயும் அந்த நம்பருக்கு ஏத்தாப்ல புள்ளி வச்சு, மூடிக்கெல்லாம் ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சு, என் மனைவி வந்து எட்டிப் பாத்துட்டு 'ஆடிட்டுக்குக் கூட நீங்க இவ்வளவு சின்சியரா உக்காந்து பாத்ததில்ல'ன்னு சொல்லிட்டுப் போய் படுத்துட்டாங்க. சனிக்கிழமை காலைல பொண்ணு முன்னாடி வச்சேன். அவ அட்டைய ஒரு பார்வை பாத்தா, எடுத்துத் திருப்பிப் போட்டா, ஒண்ணும் எழுதாத பக்கம் மேல வர மாதிரி. அப்புறம் 10 மூடியவும் அதுல வரிசையா படுக்க வச்சா. என் கைக்குட்டைய எடுத்துட்டு வந்து, நாலா மடிச்சு, 4ங்கற மூடி மேல மட்டும் போர்த்தி விட்டா. என்னம்மா பண்றன்னு கேட்டதுக்கு 'ஷ்ஷ், 4க்கு காய்ச்சல்'ன்னா.

அந்த எடத்துல நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா சார், 'சரி, 4க்கு அப்புறம் என்ன வரும், சொல்லு பாப்போம்'.

ஆஸ்பத்திரில நோயாளி பக்கத்துல நின்னு போன்ல சத்தமா பேசறவன நர்ஸ் ஒரு பார்வை பாப்பாங்களே, அதே பார்வை. எழுந்து போயிட்டா. மூடியெல்லாம் சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு, எனக்கு சரியான கடுப்பு, ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சேன்னு.

சாயங்காலம் எங்கம்மா வந்து தரைல உக்காந்தாங்க. யாரையும் கூப்பிடல. 'பாவம், இவங்களுக்கெல்லாம் போர்வை இல்லயா, குளிருமே'ன்னு மூடிங்கள பாத்து ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பொண்ணு எங்கேருந்தோ ஓடி வந்துட்டா. டிஷ்யூ பேப்பரக் கிழிச்சு கிழிச்சு ஒரு மூடிக்கு ஒண்ணுன்னு போர்த்த ஆரம்பிச்சா. அஞ்சு போட்டதும் பேப்பர் தீந்துருச்சு. நின்னு பாத்தா. போர்வை இல்லாம கெடக்கற மூடிய மட்டும் ஒவ்வொண்ணா விரலால தொட்டுட்டே போனா. 'பாட்டி, இன்னும் நாலு வேணும்.' 4க்கு கைக்குட்டை ஏற்கனவே இருக்கு, அஞ்சு பேருக்கு பேப்பர் ஆச்சு, பாக்கி நாலு. கணக்கு டேலி ஆகுது. நான் சொல்லிக் குடுக்க நெனச்சது எது 7, எது 8ன்னு எழுத்த அடையாளம் கண்டுபிடிக்க. அவ தானா பண்ணது ஒண்ணுக்கு ஒண்ணு சேத்து வச்சு, மிச்சம் எவ்வளவுன்னு பாக்கறது. என் பொழப்பே அதான.

இந்த நம்பர் விஷயத்துல நாம எல்லாருமே ஏமாந்துதான் போறோம். எங்க பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் விடாம வீடியோ போடுவார், பையன் 1லேருந்து 50 வரைக்கும் மூச்சு விடாம சொல்றான்னு. அதே பையன்கிட்ட 'மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா'ன்னு சொல்லிப் பாருங்க, சின்னப் பிள்ளையா இருந்தா கைக்கு வந்தத அள்ளிட்டு வருவான். அவன் சொன்னது பாட்டு. எண்ணி முடிக்கும்போது கடைசியா சொல்ற நம்பர்தான் மொத்தம்ங்கற விஷயம் மண்டைல உக்காரறது பெரும்பாலும் மூணரை, நாலு வயசு வாக்குலதான், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா ஒண்ணு குடுப்பான், ரெண்டு கேட்டா ரெண்டு குடுப்பான், மூணு கேட்டா ஒரு கைப்பிடி. குழந்தைங்க மனசப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களும் இதேதான் வச்சு பாக்கறாங்க, எத்தன வரைக்கும் சொல்றேன்னு கேக்காம, இத்தன எடுத்துக் குடுன்னு கேக்கறாங்க. ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து வைன்னு சொல்றத விட நல்ல கணக்கு விளையாட்டு எனக்கு இன்னும் கிடைக்கல, அதுக்கு பெயின்டும் வேணாம், அட்டையும் வேணாம்.

அன்னிக்கு ராத்திரி கோவத்துல, என் மேலயே இருந்த கோவம்தான், தூங்காம தேடித் தேடிப் படிச்சேன். 2011ல வந்த ஒரு ஆராய்ச்சி அப்படியே என் கன்னத்துல அறைஞ்சுது. பைப்புகள ஒண்ணோட ஒண்ணு மாட்டி ஒரு புது மாதிரி பொம்மை செஞ்சாங்களாம், அதுக்குள்ள நாலு ரகசியம், ஒரு எடத்துல இழுத்தா கீச்சுனு சத்தம், ஒரு எடத்துல லைட் எரியும், ஒரு எடத்துல மியூசிக், ஒரு பைப்புக்குள்ள கண்ணாடி. ஒரு செட் பிள்ளைங்ககிட்ட பெரியவங்க உக்காந்து, இத பாரு, இது இப்படித்தான் வேலை செய்யும்னு அந்தக் கீச்ச மட்டும் இழுத்துக் காட்டினாங்க. இன்னொரு செட்டுக்கு ஏதோ தெரியாம கை பட்டு சத்தம் வந்த மாதிரி 'அட, இது என்ன'ன்னாங்க. சொல்லிக் குடுத்த செட் அந்தக் கீச்சையே திரும்பத் திரும்ப இழுத்துட்டு சீக்கிரமே கீழ வச்சிருச்சு. சொல்லிக் குடுக்காத செட்தான் ரொம்ப நேரம் நோண்டி மத்த ரகசியங்கள அதிகமா கண்டுபிடிச்சுது. பிள்ளைங்க முட்டாள் இல்ல சார், பெரியவங்களே இவ்வளவுதான்னு காட்டிட்டாங்களே, அதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுன்னு கணக்கு போடுதுங்க. அதுங்க கணக்குல தப்பே இல்ல. நாம குடுத்த டேட்டாதான் தப்பு.

கேள்வி கேக்கற விஷயமும் அப்படித்தான். பியாஜேன்னு ஒரு சுவிஸ் அறிஞர், 1896ல பொறந்து 1980ல இறந்தவர், அவர் பண்ண தண்ணி சோதனை ரொம்ப ஃபேமஸ். ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல ஒரே அளவு தண்ணி, குழந்தை பாக்கறப்பவே ஒண்ண எடுத்து உயரமான ஒல்லி டம்ளர்ல ஊத்திட்டு, இப்ப எதுல அதிகம்னு கேட்டா, ஆறு ஏழு வயசுக்குக் கீழ இருக்கற நிறைய பிள்ளைங்க ஒல்லி டம்ளர்லதான் அதிகம்னு சொல்லும். அதே மாதிரி வில்லைகள ரெண்டு வரிசையா சமமா வச்சுட்டு ஒரு வரிசைய மட்டும் இழுத்து நீளமாக்கினா, நீளமான வரிசைலதான் அதிகம்னு சொல்லும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்குப் புதுசா தெரிஞ்சது இதுக்கு அப்புறம் நடந்தது. 1970கள்ல ஸ்காட்லாந்துல ரெண்டு பேர் இதே வில்லை சோதனைய பண்ணாங்க, ஆனா வரிசைய இவங்க கலைக்கல, ஒரு குறும்புக்கார டெடி பொம்மை பெட்டிலேருந்து வெளிய வந்து கலைச்சு விட்டு ஓடிருச்சு. இப்ப கேட்டா போன தடவைய விட ரொம்ப பேர் சரியா சொல்லுதுங்க, சமம்தான்னு. ஏன்? பெரியவங்களே வேணும்னு ஒண்ண மாத்தி வச்சுட்டு, கேட்ட கேள்வியவே திரும்பக் கேட்டா, முன்ன சொன்ன பதில் தப்பு போல, மாத்தி சொல்லணும் போலன்னு பிள்ளை நெனைக்குது. டெடி கலைச்சா அந்தக் குழப்பம் இல்ல. அதாவது நம்ம கேள்வியே பிள்ளைய தப்பா பேச வைக்குது. இத படிச்சதும் என் அம்மா 'குளிருமே'ன்னு சொன்னது ஏன் வேலை செஞ்சுது, நான் 'சொல்லு பாப்போம்'னது ஏன் படுத்துருச்சுன்னு புரிஞ்சுது.

சும்மா இருங்கன்னு தலைப்பு வச்சதால ஒரு விளக்கம். பிள்ளைகிட்ட ஒரு டப்பாவக் குடுத்துட்டு நாம போன நோண்டறது சும்மா இருக்கறதுல வராது. 2015 கடைசில வந்த ஒரு ஆய்வுல 10லேருந்து 16 மாசக் குழந்தைங்களயும் பெத்தவங்களயும் சேத்துப் பாத்தாங்க, பேட்டரி போட்ட, பாடற பேசற பொம்மை கைல இருக்கறப்ப பெத்தவங்க பேசறது குறைஞ்சு போச்சாம், புக்கோ சாதா கட்டையோ இருக்கறப்ப அதிகம் பேசறாங்களாம். பொம்மையே பேசுது, நாம எதுக்குன்னு இருந்துடறோம் போல. அந்த வயசுல பேச்சுதான் சோறு மாதிரி. பேச்சு வேற, பரீட்சை வேற, அவ்வளவுதான் நான் சொல்றது. 'ஓஹோ, 4க்கு காய்ச்சலா, எப்பலேருந்து'ன்னு கேக்கறது பேச்சு.

இப்ப உங்க லிஸ்ட்ல எங்க வீட்டுல நல்லா ஓடினது எதுன்னு சொல்றேன், ஏன்னா பாதி நன்றின்னு சொன்னேன் இல்ல.

மாவு. பிசைஞ்சு விளையாடற மாவு, 9ஆவதா போட்டிருந்தீங்க, ஆனா வெறும் மாவு, உப்பு, தண்ணி போட்டு பச்சையா பிசையச் சொல்லியிருந்தீங்க, அத மட்டும் மாத்திக்கங்க. மாவு பாக்க சுத்தமாதான் இருக்கும், ஆனா அது வேகாத தானியம், அதுல வயித்தக் கெடுக்கற கிருமி இருக்கலாம், சின்னது கைய வாய்ல வைக்காம இருக்காது. நாங்க பண்றது 2 கப் மைதா, 1 கப் பொடி உப்பு, 2 கப் தண்ணி, 2 ஸ்பூன் எண்ணெய், எல்லாத்தையும் கட்டி இல்லாம கரைச்சு, அடி கனமான பாத்திரத்துல சின்னத் தீல வச்சு கிண்டிட்டே இருந்தா முதல்ல கூழ் மாதிரி இருக்கும், என்னடா இது வேலைக்கு ஆகாதுன்னு தோணும், கைய எடுத்துடாதீங்க, திடீர்னு ஒரு எடத்துல சட்டி ஓரத்த விட்டுட்டு உருண்டையா சுருட்டிட்டு வரும், அப்ப எறக்கிடணும். ஆறினதும் நல்லா பிசைஞ்சா காது மடல் மாதிரி மெத்துனு இருக்கும். எண்ணெய் காய விடாது, உப்பு சீக்கிரம் கெட விடாது. டப்பால போட்டு இறுக்கி மூடி பிரிட்ஜ்ல வச்சா ரெண்டு வாரம் தாராளமா வரும், வாசனை மாறினா தூக்கிப் போட்டுடுங்க. இவ்வளவு உப்பு இருக்கறதால இத அள்ளித் திங்க விடக் கூடாது, உப்பு அளவுக்கு மேல உள்ள போனா சின்ன உடம்பு தாங்காது, அதனால பையன் பக்கத்துல இருந்தா மாவு மேஜை மேல ஏறிடும்.

இந்த மாவுலதான் எழுத்தும் வந்துச்சு. அதுவும் நான் கேட்டு இல்ல. பாம்பு உருட்டிட்டு இருந்தா, ஒரு பாம்பு வளைஞ்சு 'ட' ஆச்சு, அவளே பாத்து 'அப்பா இது ட'ன்னா. நாம பாட்டுக்கு மூணு வயசுல பென்சிலக் குடுத்து 'அ' எழுது 'இ' எழுதுன்னு உக்கார வச்சிடறோம், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, நம்ம எழுத்து வரிசைல முதல்ல வர்றதுங்கதான் சுழி மேல சுழி. ஒரு பிள்ளை பாத்து வட்டம் போடறது மூணு வயசு வாக்குல, கூட்டல் குறி நாலு வாக்குல, சதுரம் அதுக்கும் அப்புறம், முக்கோணம் அஞ்சு வயசு ஆகும். முக்கோணமே வராத கைய 'இ' போடுன்னா அது என்ன பண்ணும், அழும். ட, ப ரெண்டும் நேர்க்கோடு, அதுலேருந்து ஆரம்பிச்சா கை பயப்படாது. 'ஞ'வுக்கு எங்க வீட்டுல ஒரே தடவைல மூணு பாம்பு செலவாச்சு, அப்பவும் ஞ மாதிரி இல்ல, நாய்க்குட்டி மாதிரி இருந்துச்சு, நாய்க்குட்டியாவே வச்சுக்கிட்டா.

அடுத்தது சரிவு. இது உங்க லிஸ்ட்ல இல்ல, சேத்துக்கங்க. ஒரு நீள அட்டை, ஒரு முனைல புக்க அடுக்கி ஒசத்தணும், மேலேருந்து ஒரு பந்தோ சின்னக் காரோ விடணும். முதல் நாள் வெறுமனே விட்டுட்டே இருந்தா, எண்ண முடியல அத்தன தடவ. ரெண்டாவது நாள் அவளே இன்னொரு புக் வச்சா, கார் இன்னும் தூரம் போச்சு, அப்ப இன்னும் ஒரு புக், இன்னும் ஒண்ணு, கடைசில அட்டை ஏறக்குறைய செங்குத்தா நின்னுச்சு, கார் கீழ மூக்க இடிச்சு அங்கயே கவுந்துருச்சு. அவளுக்கு ஒரே ஆச்சரியம். அதிக புக்குன்னா அதிக தூரம்னு ஒரு சட்டம் வச்சிருந்தா, அத கார் உடைச்சிருச்சு. 'புக் ரொம்ப ஜாஸ்தி ஆயிருச்சு'ன்னு அவளே ரெண்டு எடுத்தா. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு சார், கோணம், உராய்வு, எல்லாம் சொல்லிடலாம்னு, கைல இருந்த பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணாவது நாள் எங்கம்மா சரிவு மேல டவலப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி போயிட்டாங்க, கார் பாதில நின்னுருச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் வீட்டுல இருக்கற ஒவ்வொரு துணியும், பிளாஸ்டிக் கவரும், மிதியடியும் சரிவு மேல ஏறி எறங்கிருச்சு. அமெரிக்கால பொம்மைகளுக்குன்னு ஒரு மியூசியத்துல புகழ்பெற்ற பொம்மை வரிசைன்னு ஒண்ணு இருக்கு, அதுல 2005ல வெறும் அட்டைப்பெட்டியச் சேத்தாங்க, 2008ல குச்சியச் சேத்தாங்க. படிச்சப்ப சிரிச்சேன், இப்ப சிரிக்கல.

துணி மடிக்கறது ஒண்ணு. மரியா மாண்டிசோரி 1907ல ரோம்ல ஏழைப் பிள்ளைங்களுக்குப் பள்ளி ஆரம்பிச்சப்ப அவங்க கவனிச்சதே அதான், பிள்ளைங்க பொம்மைய விட்டுட்டு நெஜ வேலை பக்கம்தான் வருதுங்க, ஊத்தறது, துடைக்கறது, பொத்தான் போடறது. எங்க வீட்டுல சாக்ஸ் ஜோடி சேக்கறது பொண்ணோட டிபார்ட்மென்ட். கலர் பாத்து சேத்தா, அப்புறம் அப்பா சாக்ஸும் அவ சாக்ஸும் ஒரே கலரா வந்து நின்னப்ப சைஸ் பாக்க ஆரம்பிச்சா. கைக்குட்டைய பாதியா மடி, அத இன்னும் பாதியா மடி, பின்னம் அங்கேயே வந்துருச்சு, யாரும் பின்னம்னு சொல்லல. டார்ச் அடிச்சு சுவத்துல நிழல் பாக்கறது, மூடின டப்பால வேற வேற சாமான் போட்டுக் குலுக்கி ஒரே சத்தம் வர்ற ஜோடிய கண்டுபிடிக்கறது, இதெல்லாம் நீங்க போட்ட மாதிரியே பண்ணோம், நல்லாதான் இருந்துச்சு.

அப்புறம் அந்த ஸ்டார் சார்ட். ஒவ்வொரு விளையாட்டு முடிச்சதும் ஒரு ஸ்டார் ஒட்டுங்கன்னு ஒரு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க, தயவு செஞ்சு அத விட்டுடுங்க. 1973ல ஒரு நர்சரி ஸ்கூல்ல மூணுலேருந்து அஞ்சு வயசுப் பிள்ளைங்கள வச்சு பாத்தாங்க, எல்லாமே ஸ்கெட்ச் பேனால வரையறதுல ஆசை இருக்கற பிள்ளைங்க. ஒரு செட்டுக்கு முன்னாடியே, வரைஞ்சா ஸ்டார் ஒட்டின சர்ட்டிபிகேட் தருவோம்னு சொல்லிட்டு வரையச் சொன்னாங்க. இன்னொரு செட்டுக்கு ஒண்ணுமே இல்ல. மூணாவது செட்டுக்கு வரைஞ்சு முடிச்சப்புறம் எதிர்பாராம குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு கிளாஸ்ல சும்மா அந்தப் பேனாவ வச்சுட்டு யார் எவ்வளவு நேரம் எடுத்து வரையறாங்கன்னு பாத்தா, சர்ட்டிபிகேட்டுக்காக வரைஞ்ச செட் மத்தவங்க வரைஞ்சதுல பாதி நேரம்தான் வரைஞ்சுது. விளையாட்ட வேலையாக்கிட்டோம், சம்பளம் நின்னா வேலையும் நிக்கும், நாம ஆபீஸ்ல பண்றதுதான. எங்க வீட்டுல மூணு நாள் ஸ்டார் ஒட்டினோம், நாலாவது நாள் பொண்ணு மூடி எல்லாத்தையும் அஞ்சே செகண்டுல வட்டத்துல போட்டுட்டு 'முடிச்சிட்டேன், ஸ்டார் குடு'ன்னா. 4க்கு காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னிக்கே சார்ட்டக் கிழிச்சாச்சு.

20 விளையாட்டையும் ஒரே நேரத்துல எடுத்து வைக்காதீங்கன்னும் ஒரு வரி போட்டிருக்கலாம். 2018ல வந்த ஒரு ஆய்வுல சின்னக் குழந்தைங்க 36 பேர பாத்தாங்க, 16 பொம்மை இருக்கற ரூமுல இருந்தப்பைய விட 4 பொம்மை இருந்தப்ப ஒவ்வொண்ணோடயும் ரொம்ப நேரம், ரொம்ப விதமா விளையாடுச்சாம். நாங்க இப்ப ரெண்டு மூணுதான் வெளிய வைக்கறோம், மத்தது பரண் மேல.

இப்ப திட்டு. இது நெஜமாவே திட்டுதான்.

அந்த 3ஆவது விளையாட்டுக்கு நீங்க போட்டிருந்த போட்டோல பாட்டில் மூடிங்க நடுவுல உக்காந்திருக்கறது ஒரு வயசு சொச்சம் இருக்கற கைக்குழந்தை. பாக்க அழகா இருக்கு. நான் செஞ்ச மூடிங்க ரெண்டாவது வாரம் ஹால்ல கெடந்தப்ப என் பையன் தவழ்ந்து போனத யாரும் கவனிக்கல. அவன் சத்தமே இல்லாம இருக்கானேன்னு திரும்பிப் பாத்தேன், ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்துச்சு. 7. என் மனைவி விரல விட்டு எடுத்துட்டாங்க, கன்னத்து ஓரத்துல இருந்ததால வந்துச்சு. அவன் சிரிச்சான். நான் அப்படியே தரைல உக்காந்துட்டேன், ஒரு பத்து நிமிஷம் எந்திரிக்க முடியல.

அப்புறம் ஸ்கேல் வச்சு அந்த மூடிய அளந்தேன், குறுக்கே 30 மில்லிமீட்டர். மூணு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களோட பொம்மைய சோதிக்கறதுக்கு ஒரு சின்ன உருளை வச்சிருக்காங்க, உள் அகலம் 31.7 மில்லிமீட்டர், சின்னக் குழந்தையோட தொண்டை அளவ மனசுல வச்சு செஞ்சது. எந்தச் சாமான் அதுக்குள்ள முழுசா போயிடுதோ அது அந்த வயசுப் பிள்ளைக்கு ஆகாது. நாம தூக்கிப் போடாம சேத்து வைக்கற பாட்டில் மூடி அதுக்குள்ள சுலபமா போயிடும். கடைல விக்கற பொம்மைக்கு இப்படி ஒரு சோதனை இருக்கு, வீட்டுல நாம செய்யற பொம்மைய யார் சோதிப்பாங்க? டிஷ்யூ ரோல் தீந்தப்புறம் நடுவுல ஒரு அட்டைக் குழாய் மிஞ்சும் பாருங்க, அத ஒண்ண எடுத்து வச்சுக்கங்க, அதோட அகலம் இந்த உருளைய விட கொஞ்சம் கூடத்தான், அதுக்குள்ள போற எதையும் சின்னது கைல குடுக்காதீங்க. இப்ப நாங்க ஜாடியோட பெரிய மூடியா மாத்திட்டோம்.

உங்க 14ஆவது விளையாட்டுல பழைய மியூசிக் கார்டப் பிரிச்சு அந்த சத்தம் போடற துண்ட பொம்மைக்குள்ள வைக்கச் சொல்லியிருந்தீங்க. அதுக்குள்ள இருக்கறது பட்டன் பேட்டரி. அது தொண்டைல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாய அரிச்சு புண்ணாக்கிடும், வலி இருமல்னு எதுவும் காட்டாமலே கூட இருக்கலாம், முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இத ஒரு வரி கூட போடாம எப்படி சார் அச்சுக்குப் போச்சு? காந்தத்துக்கும் இதே கதை, ரெண்டு சின்ன காந்தம் உள்ள போனா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்துக்கும். வெடிச்ச பலூன் துண்டு இன்னொண்ணு. தண்ணி விளையாட்டுல வாளிய வச்சுட்டு கதவு மணி அடிக்குதுன்னு எழுந்து போகாதீங்க, சின்னது மூழ்க ரெண்டு இஞ்ச் தண்ணி போதும். ஜிகினா தண்ணி பாட்டில் செஞ்சா மூடிய பசை போட்டு ஒட்டிடுங்க, வெறுமனே திருகினா நாலரை வயசுக் கை திறந்துடும், எங்க வீட்டு சோபா சாட்சி.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இவ்வளவுதான். அடுத்த தடவ இந்த மாதிரி போடும்போது ஒவ்வொரு விளையாட்டுக்கும் கீழ அந்த 'இதன் மூலம் குழந்தை' வரிய எடுத்துட்டு அந்த எடத்துல எந்த வயசுக்கு, வீட்டுல அத விடச் சின்னது இருந்தா என்ன கவனிக்கணும்னு போடுங்க, எடம் அதே எடம்தான், கூட காகிதம் செலவாகாது. அப்புறம் போட்டோ. ஒரு கரையும் இல்லாத மேஜை, இஸ்திரி போட்ட கவுன், ஒரு சொட்டு கூட சிந்தாத பெயின்ட், இத பாத்துட்டுதான் நான் ரெண்டு கோட்டிங் அடிச்சு அசடு வழிஞ்சேன். ஒரு பிள்ளை நெஜமா விளையாடி முடிச்ச ஹால் எப்படி இருக்கும்னு ஒரு தடவ போடுங்க. கிடைக்கலன்னா எங்க ஹால் போட்டோ அனுப்பறேன், அதுல சுவத்துல ஓரமா தெரியற நீலக் கலர் விஷயம் மட்டும் கொஞ்சம் கட் பண்ணிப் போடுங்க, அது என் மனைவி ஆபீஸ் போயிருந்தப்ப நடந்தது, இன்னும் அவங்க சோபாவ நகத்திப் பாக்கல.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைக்கு அப்பாவான ஒரு வாசகர்